த்ரீ நாட் த்ரீயும் தீபாவளியும்

நவம்பர் 9, 2023, வியாழன். பிளேனோ, டெக்ஸஸ்

டுல்சா ஆயுதக் கண்காட்சி இந்தச் சனி, ஞாயிறு. தீபாவளியும் அதே ஞாயிறு. எனக்கு இது இரண்டு மாதமாகத் தெரியும், வீட்டில் சொன்னது போன வாரம்தான். "தீபாவளி அன்னைக்குத் துப்பாக்கி பார்க்கப் போற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள் மனைவி. கடைசியில் ஓர் உடன்பாடு. ஞாயிறு மாலை 5 மணிக்குள் வீடு திரும்பவேண்டும். காலையில் அங்கேயே எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டும். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துவிட்டாள்.

அவளுடைய கோபம் தீபாவளியைப் பற்றி மட்டுமல்ல. மே 6ஆம் தேதி பக்கத்து ஊரான ஆலனில், நாங்கள் துணி வாங்கப் போகிற அவுட்லெட் மாலில், ஒருவன் 8 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. நான் சேர்ப்பது 80, 100 வருடத்துப் பழைய ராணுவ ரைபிள்கள், எல்லாம் இரும்புப் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கின்றன என்று சொல்லிப் பார்த்தேன். "அதுவும் சுடத்தானே செய்யும்?" என்றாள். சுடும். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, வெள்ளி. டுல்சா, ஓக்லஹோமா

நாலு பேர், ஒரு பிக்கப் டிரக். ஓட்டியவர் எங்கள் சுடுதளத்துப் பெரியவர், 74 வயது அமெரிக்கர். முன்சீட்டில் நான். பின்னால் நண்பர்கள் இருவர், மதுரைக்காரரும் சின்னவனும். சின்னவன் எச்-1பி எனும் தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். அந்த விசாக்காரர்கள் இங்கே துப்பாக்கி வாங்கக் கூடாது, வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. அவனிடம் அதெல்லாம் இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறான்.

பெரும்பாலும் 75, 69ஆம் எண் நெடுஞ்சாலைகளில் வடக்கே நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ரெட் ரிவரைத் தாண்டினால் ஓக்லஹோமா. வழியில் மெக்கலெஸ்டர் வருகிறது. அமெரிக்க ராணுவத்துக்கு வெடிகுண்டு தயாரிக்கும் ஊர். "நம்ம ஊர் சிவகாசி" என்றார் மதுரைக்காரர். பெரியவருக்குச் சிவகாசியை விளக்கி முடிப்பதற்குள் 30 மைல் போய்விட்டது.

டுல்சாவிலிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் கிளேர்மோர் இருக்கிறது. அங்கே ஜே.எம். டேவிஸ் என்ற ஹோட்டல்காரர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 12,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஏழு வயதில் மருந்து குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தபோது அப்பா ஒரு பழைய துப்பாக்கியைக் கொடுத்துச் சமாதானம் செய்தாராம், அதுதான் அவருடைய முதல் துப்பாக்கி. போன முறை போயிருந்தோம். ஆயிரம் வரைக்கும் ஆசையாகப் பார்த்தேன், அதற்கு மேல் கண் மரத்துவிட்டது. இந்த முறை வேண்டாம் என்று எல்லாருமே சொல்லிவிட்டோம்.

நவம்பர் 11, சனி. டுல்சா

கண்காட்சி வாசலில் 75 அடி உயரத்தில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். 'கோல்டன் டிரில்லர்'. ஊர் எல்லை அய்யனார் மாதிரி எனக்கு. ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றும்.

உள்ளே 11 ஏக்கர், ஒரே கூரை. 4,000க்கும் மேல் மேசைகள். துப்பாக்கி கொண்டுவருபவர்கள் வாசலில் காட்டி, குண்டு இல்லை என்று சோதித்து, நைலான் பட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். இன்று முன்னாள் படைவீரர் நாள் என்பதால் தொப்பியில் வியட்நாம், கொரியா என்று எழுதிய தாத்தாக்கள் ஏராளம். பெரியவர் பத்தடிக்கு ஒருமுறை நின்று யாருக்காவது கை கொடுத்தார். அவரும் வியட்நாமுக்குப் போனவர்தான், ஆனால் அப்படித் தொப்பி போட மாட்டார்.

இந்தக் காலத்துக் கறுப்பு ஏஆர் ரைபிள் வரிசைகளை நாங்கள் வேகமாகத் தாண்டிவிடுவோம். நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடியும் பதக்கமும் விரித்த மேசைகளும் ஒன்றிரண்டு இருந்தன. வரலாறு என்பார்கள். வரலாறு என்றால் விற்கிறவர் முகத்தில் அந்த இளிப்பு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

நான் தேடி வந்தது ஒன்றே ஒன்றுதான். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையில் செய்த .303 லீ-என்ஃபீல்ட் ரைபிள், நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய அதே த்ரீ நாட் த்ரீ. அப்பா பாளையங்கோட்டையில் ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டையில் வரும் எண்ணெய் வாசனைதான் எனக்கு அப்பா வாசனை. ரைபிள் வீட்டுக்கு வராது, பணி முடிந்ததும் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' எனும் ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். நான் அதைக் கையால் தொட்டது என்.சி.சி.யில், அதுவும் சுட முடியாதபடி ஆக்கிய அணிவகுப்பு ரைபிள். இந்தியாவில் .303 தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்கு உரிமம் கிடைக்காது. அதைச் சொந்தமாக வாங்க ஓக்லஹோமா வரைக்கும் வரவேண்டியிருக்கிறது.

காலை 10 மணிக்கே ஒன்று கிடைத்தது. விற்றவர் நல்ல பேச்சுக்காரர். "எல்லா எண்ணும் பொருந்துகிறது, பர்மா போர் பார்த்த ரைபிள்" என்றார். பெரியவர் என் காதில், "கதையை வாங்காதே, ரைபிளை வாங்கு" என்றார். பாகங்கள் ஆதியிலிருந்து சேர்ந்தே இருந்தவை என்றால், ரைபிளின் நடு உடலான ரிசீவரில் இருக்கும் எண்ணே, குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிப் பின்புறமும், குழலிலும், முனையில் இருக்கும் மூக்கு மூடியிலும் இருக்கவேண்டும். எல்லாமே இருந்தன. பெரியவர் போல்ட்டை விளக்கில் திருப்பிக் காட்டினார். பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புது எண் அடித்திருக்கிறார்கள். எழுத்தின் உருவமே வேறு. வைத்துவிட்டு நகர்ந்தோம்.

அப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. இஷாப்பூர் என்று பார்த்ததெல்லாம் 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு, கையில் இருந்த லீ-என்ஃபீல்ட் வடிவத்தை வைத்தே 7.62 நேட்டோ குண்டுக்காகப் புதிதாகச் செய்தவை. பழைய .303ஐ மாற்றியது என்று இங்கே பல பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இதற்கென்றே வலுவான எஃகில் செய்தது. சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், குண்டு நிரப்பும் மேகஸினைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நல்ல ரைபிள்தான். ஆனால் அப்பா தூக்கியது இதுவல்ல.

இதற்கிடையில் மதுரைக்காரர் ஒரு பழைய பிரிட்டிஷ் வெப்லி மார்க் 6 கைத்துப்பாக்கியிடம் மனதைப் பறிகொடுத்தார். இங்கே வந்த வெப்லிகள் பலவற்றின் உருளையை அமெரிக்க .45 ஏசிபி குண்டு போடுவதற்காகச் சீவிவிட்டிருப்பார்கள், இது சீவாதது. ஆனால் விற்றவர் ஓக்லஹோமாக்காரர், கடைக்காரர் அல்ல. மாநிலம் விட்டு மாநிலம் தனி ஆள் தனி ஆளுக்கு விற்கக் கூடாது. என்னிடம் இருப்பது மாதிரி சேகரிப்பாளர் உரிமம் இருந்தால் 50 வயது தாண்டிய பழம்பொருளை வாங்கலாம். மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான். மதுரைக்காரரிடம் நாலு வருடமாகச் சொல்லிவருகிறேன், அவர் விண்ணப்பிக்கவில்லை. "உங்க பேர்ல வாங்கி எனக்குக் குடுங்களேன்" என்றார். அதற்குப் பெயர் பினாமி, நேராக ஜெயில் என்றேன். மத்தியானம் முழுக்க என்னோடு பேசவில்லை.

மூன்றரை மணிக்கு, கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், ஒற்றை மேசை போட்டு ஒரு பாட்டி பின்னல் பின்னிக்கொண்டிருந்தார். காலமான கணவரின் ரைபிள்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு, அவர் கையெழுத்திலேயே குறிப்பு. மூன்றாவது ரைபிளின் கழுத்தில் கிரீடம், அதன் கீழே ஜார்ஜ் மன்னரின் பெயர்ச்சுருக்கமான ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1943. சீட்டில், 'போல்ட் பொருந்துகிறது. மூக்கு மூடி பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தது. குறையைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். குழலில் இறக்குமதியாளர் முத்திரை பொடி எழுத்தில் இருந்தது. முன்கட்டையில் இஷாப்பூர்க்காரர்கள் வலுவுக்காகக் குறுக்கே போடும் திருகு இருந்தது. 'பட்' எனும் அடிக்கட்டையில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய எண்ணைச் சுரண்டிய தடமும் இருந்தது.

525 டாலர் கேட்டார். 425 என்றேன். பின்னலை நிறுத்தாமல், "என் கணவர் 460 என்பார்" என்றார். 460. உரிமத்தின் கையெழுத்திட்ட நகலைக் கொடுத்தேன். அதை மூக்குக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

6 மணிக்குக் கண்காட்சி மூடியதும் வண்டியில் இருந்தே அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே ஞாயிறு காலை ஐந்தரை, தீபாவளி விடிந்துகொண்டிருந்தது. சரவெடிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"ஏல, காசு குடுத்தா வாங்கின?"

"ஆமாப்பா. 460 டாலர்."

"எங்களுக்குச் சும்மா குடுத்தே தூக்க மாட்டாம முக்கினோம். நாலு கிலோ. தசரா பந்தோபஸ்துல ராவு பூரா தோள்ல கெடக்கும்." வெடிச் சத்தம் அடங்கக் காத்திருந்துவிட்டு, "எந்த வருசம்?" என்றார்.

"1943."

"என்னை விட ஒம்பது வயசு மூப்பு." அப்புறம், "பட் நம்பர் என்ன?"

சுரண்டிவிட்டார்கள் என்றேன். "என்னோடது 217. ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். சொல்லலன்னா மைதானத்த மூணு சுத்து" என்றார். ஓய்வு பெற்று 13 வருடம் ஆகிறது. என் போன் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது.

நவம்பர் 12, ஞாயிறு. டுல்சா, பிளேனோ

விடியற்காலை நாலரை மணிக்கு மோட்டல் குளியலறையில் எண்ணெய்க் குளியல். மூன்று தமிழர்கள், வரிசையாக. பெரியவர் என்ன வாசனை இது என்று கேட்டுவிட்டு, ரைபிள் கட்டைக்குப் பூசலாமா என்று கொஞ்சம் கையில் தடவிப் பார்த்தார். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய்தான் சரி என்று அவரே முடிவும் செய்தார். மதுரைக்காரர் ராஜியாகிவிட்டார். அம்மா அனுப்பிய அதிரசம் ஒரு டப்பா வைத்திருந்தார்.

மூன்று மணி நேரம்தான் சுற்றினோம். சின்னவன் 12 அங்குல இஷாப்பூர் பயனெட் ஒன்று வாங்கினான். கத்திக்கு விசா தேவையில்லை. 5 டாலர் உதிரிப் பெட்டியில் பெரியவர் கை விட்டுத் துழாவி, ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பியும் குழலைத் துடைக்கப் பயன்படும், பித்தளை எடை கோத்த ஒரு புல்த்ரூ கயிறும் எடுத்துக் கொடுத்தார். பட்டின் அடியில் இருக்கும் பித்தளைக் கதவைத் திறந்து இரண்டையும் உள்ளே போட்டேன். சரியாக உட்கார்ந்தன.

வீடு சேர்ந்தபோது 5.20. இருபது நிமிடத்துக்கு உரிய பேச்சு கிடைத்தது. பெட்டியைத் திறக்காமல் நேராகப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, குழந்தைகளோடு கம்பி மத்தாப்பு கொளுத்தினேன்.

நவம்பர் 15, புதன். பிளேனோ

பதிவேட்டில் ஏற்றியாயிற்று. தேதி, ஆலை, இறக்குமதியாளர், மாடல், வரிசை எண், ரகம், யாரிடம் வாங்கியது. சேகரிப்பாளர் உரிமம் இருந்தால் இந்த ஏடு கட்டாயம். இன்னும் சுடவில்லை. 80 வருட ரைபிள், போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பெரியவர் தன் அளவுகோலை வைத்துப் பார்க்காமல் சுட விடமாட்டார்.

இரவு அப்பா வீடியோவில் வந்தார். அவரே கூப்பிட்டது இந்த வருடத்தில் இரண்டாவது முறை. "கொழலைக் காட்டு" என்றார். போல்ட்டைக் கழற்றி, பின்னால் டார்ச் வைத்து, போன் கேமராவை முனையில் பிடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"சுட்ட அன்னிக்கே கொதிக்கிற தண்ணி ஊத்திருக்கணும். எவனோ ஊத்தல. ஃபோர் பை டூ இருக்கா?"

ஃபோர் பை டூ என்றால் 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் துடைக்கும் துணி. கடையில் வாங்கவில்லை என்றேன். பழைய பனியனைக் கிழிக்கச் சொன்னார். புல்த்ரூவில் கோத்து இழுத்தேன், துணி கறுப்பாக வந்தது. இரண்டாவது, மூன்றாவது. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, போதுமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"கரி இருக்கும்மா. இன்னொண்ணு கிழிச்சுக் குடு" என்றார் அப்பா. அவள் போய் என் நல்ல பனியனை எடுத்து வந்தாள்.