பம்பைத் தட்டுக்குச் சட்டை தைத்த கதை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை, காதுகுத்து அழைப்பிதழ், ஆடி பிறந்தால் கூழ் ஊற்றும் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. போன வருஷம் இதே கடையில் ஒரு இசைத்தட்டுக்கு 200 உறைகள் அடித்தோம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று கை வைத்த வேலை ஐந்து மாதம் இழுத்தது. இனி இதில் இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சமாவது அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அத்தை மகன் பெங்களூருவில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறான். மகா சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் பக்கம் மயானக் கொள்ளை. அன்றைக்குக் காவேரிப்பட்டணத்துக் கூட்டத்தில் நின்றால் பம்பைச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். மரத்தில் ஒன்று, வெங்கலத்தில் ஒன்று என்று இரண்டு உருளைகளைச் சேர்த்து இடுப்போடு கட்டிக்கொண்டு அடிப்பது பம்பை. திருவிழா ஓய்ந்த ஒரு ராத்திரி, மூன்று பம்பை, இரண்டு உடுக்கை, ஒரு சிலம்பு, பாடுகிறவர் ஒருவர் என்று ஏழு பேரைக் கோயில் திடலில் நிறுத்திப் பதிவு செய்தான். 12 இன்ச் தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு 18 நிமிஷம். நேரத்தைக் கூட்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் அடங்கிப் போகும். பம்பைக்கு அது ஆகாது என்று அதோடு நிறுத்திக்கொண்டான்.

தட்டு வெளிநாட்டில் அச்சாகி, வெள்ளைக் காகித உள்ளுறையோடு வந்து இறங்கியது. அங்கேயே அட்டை உறையும் போட்டுத் தருவார்கள். இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "மச்சான், சட்டை நம்ம ஊர்லயே தைக்கலாம். நீ போடு" என்றான்.

என் பெரிய மாமா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தார். அவருடைய தகரப் பெட்டியில் இருந்த ரெக்கார்டு உறைகளைப் பார்த்துத்தான் எனக்கு அச்சு வேலையில் ஆசையே வந்தது. இன்னொரு செட்டோடு கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு உறையின் மூலையிலும் பச்சை பெயிண்டில் தன் சவுண்ட் சர்வீஸ் பெயரை எழுதி வைத்திருப்பார். படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர்கள், பாட்டெழுதியவர் எல்லாம் அந்த உறைகளில் இருக்கும். மேளம் அடித்தவர் பெயரை நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. அதனால் இந்த வேலை கைக்கு வந்ததும் முதலில் முடிவு செய்தது ஒன்றுதான்: ஏழு பேர் பெயரும் இதில் இருந்தாக வேண்டும், எளிதில் கண்ணில் படும் இடத்தில்.

உறையில் படம் போடும் வழக்கமே தட்டு வந்து ரொம்ப நாள் கழித்து வந்ததுதான். அதுவரை பெரும்பாலும் பழுப்பு, சாம்பல் அட்டையில் பெயரை மட்டும் பொறித்து விற்றார்கள். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் 1940இல் அதை மாற்றினார். நாடகப் பாட்டு ஆல்பம் ஒன்றின் பெயரை நியூயார்க்கில் ஒரு நாடக அரங்கின் வாசல் விளக்குப் பலகையில் வைக்கச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்து உறையாக்கினார். 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தபோது அதற்கான மெல்லிய அட்டை உறையை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. எனக்குப் பிடித்தது அந்த விளக்குப் பலகைதான். அந்த நாடகப் பாட்டுகள் பிறந்த தெருவிலிருந்தே படத்தையும் எடுத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் என்ன இருக்கிறது? பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. வெறும் கோடுகளால் ஆன மனிதர்கள், குதிரைமேல் ஏறியவர்கள். பழுப்பு அட்டை, அதில் வெள்ளைக் கோட்டில் பம்பைக்காரர், குங்குமச் சிவப்பில் எழுத்து என்று முடிவானது. சொல்ல எளிது. பழுப்பு கிராஃப்ட் அட்டை வெள்ளை மையைக் குடித்துவிடும். ஸ்க்ரீனில் மையை ஒரு முறை இழுத்தால் சாம்பல் பூத்த மாதிரிதான் நிற்கும். நன்றாகக் காயவிட்டு அதே இடத்தில் இரண்டாவது முறை இழுக்க வேண்டும். முடி அளவு நகர்ந்தாலும் கோடு இரண்டாகத் தெரியும். பின்னால் மொத்தமாக அடித்தபோது கடையில் கயிறு கட்டிக் கிளிப் மாட்டி 200 அட்டையையும் தொங்கவிட்டோம். இரண்டு நாள் யாரையும் ஃபேன் போட விடவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், முதல் மாதிரியை எடுத்துக்கொண்டு பம்பைக் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது யாரு?"

"நீங்கதாங்கய்யா. போட்டோவைப் பார்த்து வரைஞ்சது."

"நான் இல்ல. குச்சி பிடிக்கிற கை மாறியிருக்குது பாரு."

வலப்பக்கம் எழுத்துக்கு இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தேன். பத்திரிகை வேலையில் பிள்ளையாரையே அப்படித் திருப்பிப் பழகிய கை. ஐம்பது வருஷம் அடித்த மனிதருக்குக் கையை மாற்றி வைத்துவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை. படத்தை நேராக்கி, எழுத்தை இடப்பக்கம் கொண்டுவந்தேன். உண்மையில் அதன் பிறகுதான் உறையே அழகானது.

அடுத்த அடி அட்டையில் விழுந்தது. 12 இன்ச் தட்டுக்கு உறை 315 மில்லிமீட்டர் சதுரம், முதுகு 3 மில்லிமீட்டர். விரித்தால் 633 அகலம், ஒட்டும் மடிப்போடு 345 உயரம். 23க்கு 36 இன்ச் ஷீட்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். முதல் முப்பதை அடித்து, மடித்தேன். முதுகு நெடுகக் கீறல் விட்டு, உள்ளே இருந்த நார் வெளியே தெரிந்தது. கிரீசிங், அதாவது மடிப்புக்காக அழுத்தும் கோடு, ஆழம் போதவில்லை என்று நினைத்து ஆழமாக்கினேன், இன்னும் மோசமாகக் கிழிந்தது.

காரணத்தைச் சொன்னவர் மாம்பழப் பெட்டி போடும் அண்ணன். எங்கள் மாவட்டத்தில் மாங்கா சீசன் வந்தால் கார்ட்டன் கடைகளுக்குத் தூக்கம் கிடையாது. அவர் அட்டையைக் கையில் வாங்கி, இந்தப் பக்கம் ஒரு முறை அந்தப் பக்கம் ஒரு முறை வளைத்தார். ஒரு வாக்கில் சுலபமாக வளைந்தது, இன்னொரு வாக்கில் முரண்டு பிடித்தது. "நார் ஓடுற வாக்குல மடிச்சா துணி மாதிரி மடியும். நீ நாரை முறிச்சு மடிக்கிற" என்றார். பிறகு ஒரு மாம்பழப் பெட்டியை எடுத்து அதன் வெட்டு வாயைக் காட்டினார். உள்ளே இருக்கும் நெளி நின்ற வாக்கில் இருந்தது. நெளியைப் படுக்க வைத்தால் அடுக்கும்போது கீழ்ப்பெட்டி நசுங்கி மாம்பழம் சாறாகிவிடுமாம். இருபது வருஷத்துக்கு மேல் அச்சுத்தொழிலில் இருக்கிறேன், இதை யாரும் எனக்கு இப்படிக் கையில் வைத்துக் காட்டியதில்லை. ஷீட்டில் நார் 36 இன்ச் வாக்கில் ஓடியது, என் முதுகு மடிப்போ 23 வாக்கில் விழுந்தது. நார் 23 வாக்கில் ஓடும் ஷீட்டாகச் சொல்லி வரவழைக்கப் பதினெட்டு நாள் ஆனது. கிரீசிங்கையும், அச்சு வைத்து வெட்டும் டை கட்டிங்கையும் அந்த அண்ணனே தன் மெஷினில் போட்டுக் கொடுத்தார்.

அட்டை வாங்குகிறவர்கள் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) கேட்கும் அதே மூச்சில் நார் எந்த வாக்கு என்றும் கேட்டுவிடுங்கள்.

பெயர்களை முதுகில் போடுவதாகத்தான் என் திட்டம். அலமாரியில் செருகி வைத்தாலும் முதுகு தெரியும், பெயர் தெரியும். ஆனால் 3 மில்லிமீட்டரில் ஏழு தமிழ்ப் பெயர்கள் நிற்குமா? எழுத்தைச் சின்னதாக்கினால் ணகரத்தின் சுழிக்குள் மை ரொம்பிவிடுகிறது, ஈகாரக் கொக்கி மேல் மடிப்பில் ஏறிக்கொள்கிறது. மூன்று முறை ஸ்க்ரீன் எடுத்துப் பார்த்தேன். மை அப்பிய கரும்புள்ளியாக ஒரு மனிதனின் பெயரைப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். அத்தை மகன் வெட்டு மிச்சத்தில் தனிப் பட்டை செய்து, ஜப்பான் தட்டுகளுக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றலாம் என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டை நாலு நாளில் கிழிந்து குப்பைக்குப் போகும், பெயரும் கூடவே போகும்.

கடைசியில் பெயர்களை முன்பக்கமே கொண்டுவந்தேன், கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் போடும் அளவுக்கு. தலைப்பு கீழே சின்னதாகப் போனது. தலைவரிடம் மறுபடி காட்டினேன். வாசித்துவிட்டு, தன் பெயருக்கு மேல் விரலை வைத்தார். "உடுக்கைக்காரரு என்னைவிட மூத்தவரு. அவரு பேரு மேல வரணும்" என்றார். அன்று ராத்திரியே ஸ்க்ரீனுக்கான ஃபிலிமை, பாசிட்டிவை, புதிதாக எடுத்தேன்.

அனுப்பும் வேலையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தட்டை உறைக்குள் விட்டுப் பார்சல் போடாதீர்கள். வழியில் பெட்டி விழுந்தால் உள்ளே இருக்கும் தட்டே கத்தி மாதிரி உறையின் விளிம்பைப் பிளந்துவிடும். உள்ளுறையோடு தட்டைத் தனியே வைத்து, உறையை அதன்மேல் படுக்க வையுங்கள். பெட்டி மாம்பழ அண்ணன் கடையில் செய்தது. உறை ஒன்றுக்கு, வீணானதையும் சேர்த்து, 112 ரூபாய் அடங்கியது.

ஏழு பிரதியைத் தலைவர் வீட்டுக்கு நானே எடுத்துப்போனேன். ஊரில் யாரிடமும் ரெக்கார்டு பிளேயர் இல்லை. தட்டை மெதுவாக உருவி, விளிம்பில் பிடித்துக்கொண்டார்.

"இதுல எங்க அடி எங்க இருக்குது?"

டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினேன். அடி கனக்கும் இடத்தில் பள்ளங்கள் அகன்று போகும், வெளிச்சம் வேறு மாதிரி விழும். இரண்டாவது பக்கத்தில் பாதி தாண்டி அப்படி ஒரு பட்டை, மற்ற இடத்தைவிட மினுமினுப்பாக. அவர் விரலை அதற்கு மேலே, தட்டைத் தொடாமல், பிடித்துக்கொண்டார்.

"இங்கதான் பாடுறவருக்குச் சாமி வந்துச்சு" என்றார்.