தண்ணீர் நடுவே ஒரு பாலை

எங்கள் விலங்கியல் துறையின் இரண்டாமாண்டு மாணவர்களைச் சென்ற மாதம் இராமநாதபுரம் கடற்கரைக்கு இரண்டு நாள் களப்பயணமாக அழைத்துச் சென்றிருந்தேன். பாடத்திட்டத்தில் பாலைநில உயிர்களும் கடல்வாழ் உயிர்களும் வெவ்வேறு அலகுகளில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மணலில் நின்று பார்க்கலாம் என்பது என் திட்டம். தனுஷ்கோடியில் இறங்கியதுமே ஒரு மாணவி, "ரெண்டு பக்கமும் கடல் இருக்கு, இதைப் போய் எப்படி ஐயா பாலைன்னு சொல்றது?" என்று கேட்டார்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைத் தாண்டி மணல்மேட்டுக்கு நடந்தோம். அங்கே இராவணன் மீசைப் புல் விறைத்து நின்றது. நீரிழப்பைக் குறைக்க அதன் இலைகள் சுருண்டு ஊசிபோல் ஆகியிருப்பதைத் தொட்டுப் பார்த்த மாணவர்கள், உள்ளங்கையில் குத்து வாங்கிய பிறகு என் விளக்கத்தை எளிதில் ஏற்றுக்கொண்டனர். சற்றுத் தள்ளி, மீனவக் குடும்பங்கள் மணலில் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைந்ததாதலால், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து தங்குகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும். அவ்வளவு பெரிய கடலுக்கு நடுவே குடிக்கத் தகுந்தது அந்தச் சிறு குழியில் கிடந்த நீர்தான் என்பதைப் பார்த்தபின், அந்த மாணவிக்கு நான் தனியாக விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காரங்காட்டில் ஊர்க்காரர்களின் படகில் ஏறி அலையாத்திக் காட்டுக்குள் சென்றோம். வெண்கண்டல் மரம் உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதையும் மீறி ஏறுவதை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. இலையை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முகம் சுளிக்காதவர் ஒருவரும் இல்லை.

திரும்பும் வழியில் மீன்களைப் பற்றிப் பேச்சு வந்தது. எலும்பு மீன்களின் உடல்நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது என்பதால், சவ்வூடு பரவல் (உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வு வழியே நகர்வது) அவற்றின் உடலிலிருந்து நீரை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அவை கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியே தள்ளிவிடுகின்றன. கடலாமையோ கண்ணருகிலுள்ள சுரப்பிகளால் உப்பைக் கண்ணீராக வடிக்கிறது. (கரையேறிய ஆமை அழுவதாகச் சொல்லும் கதைகளை நான் இனி மறுக்கப் போவதில்லை, அழகான கதைகள்தாம்.) சுறா வேறு வழி கண்டிருக்கிறது: சிறுநீரில் போகும் கழிவான யூரியாவை வெளியேற்றாமல் இரத்தத்திலேயே சேர்த்து வைத்து, உடலின் செறிவைக் கடல்நீருக்கு ஈடாக்கிக்கொள்கிறது.

இதைச் சொன்னதும், அதுவரை வாய் திறக்காதிருந்த தொண்டிப் பக்கத்து மாணவர் ஒருவர், "அதனாலதான் பழசாப்போன சுறாவ வெட்டுனா வீடெல்லாம் மூத்திர நாத்தம் அடிக்குதா, ஐயா?" என்றார். பேருந்தே சிரித்தது. யூரியா சிதைந்து அம்மோனியாவாகும் பாடத்தை நான் அடுத்த வாரத்துக்கென்று வைத்திருந்தேன்.