திருவிழாவும் என் வலது கண்ணும்

சனிக்கிழமை முழுக்க திருவிழா கூட்டத்துல ஃப்ரெண்ட்ஸோட செம ஆட்டம், ராத்திரி கண்ணுல தூசி விழுந்துச்சு, லென்ஸ் போட்டிருக்கறத மறந்து கசக்கிட்டேன். காலைல கண்ண தொறக்கவே முடியல, மணல அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், தண்ணியா கொட்டுது, ஜன்னல் வெளிச்சம் பட்டாலே ஊசி குத்துது.

டாக்டர் ஆரஞ்சு கலர் சாயம் விட்டு நீல லைட் அடிச்சுப் பாத்தாங்க, கருவிழில கீறல், பச்சையா ஒரு கோடு தெரியுதுன்னாங்க. மரத்துப்போற சொட்டு விட்டதும் வலி பறந்துடுச்சு, அதையே வீட்டுக்குக் குடுங்கன்னு கெஞ்சினேன், அடிக்கடி விட்டா புண்ணு ஆறாது, கருவிழியே கெட்டுடும்னுட்டாங்க. ஆன்டிபயாடிக் சொட்டு மட்டும்தான். சின்ன கீறல்னா 1-3 நாள்ல ஆறிடுமாம், அதுவரைக்கும் லென்ஸ் கூடாது.

லென்ஸ் போடறவங்க தயவுசெஞ்சு கசக்காதீங்க, மொதல்ல அத கழட்டுங்க. வெளிய இன்னும் பாட்டுச் சத்தம் கேக்குது, நான் ஸ்க்ரீன இழுத்துவிட்டு இருட்டுல படுத்திருக்கேன், அழுகையா வருது.