பெய்ஸ்லியில் ஒரு மாங்காய்

போன வாரம் இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. பழைய சாப்பாட்டுப் பட்டியல் தாளைத் திருப்பிப் போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு மாங்காய் வரைந்துகொண்டிருந்தேன். வளைந்த நுனி, உள்ளே குட்டி மாங்காய், சுற்றிலும் மொக்கு. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர, "அட, எங்க பெய்ஸ்லி!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

நான் இருக்கும் ஊரின் பெயரே பெய்ஸ்லிதான். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவை ஒட்டிய நெசவு ஊர். 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வையைப் பார்த்து இங்கே மலிவாக நெய்து விற்றார்கள். அந்தச் சால்வையிலிருந்த மாங்காய்க்கு ஆங்கிலத்தில் இந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. மாம்பழத்துக்குப் பேர் போன சேலத்திலிருந்து வந்தவள், நெசவுக்காரர் மகள், நான் போட்ட மாங்காய்க்கு இன்னொரு ஊர்ப் பெயரா?

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா கிராஃப் தாள் விரித்து உட்காருவார். வெள்ளை உடல், நீல மூடி ரெனால்ட்ஸ் பேனா. ஒரு கட்டம் நிரப்பினால் அந்த இடத்தில், தறியில் டிசைன் எடுக்கும் ஜக்கார்டின் கொக்கி, நெடுக்கே ஓடும் பாவு நூலைத் தூக்க வேண்டும் என்று அர்த்தம். காலி விட்டால் தூக்காது. அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை குத்துவார்கள். ஒரு கட்டம் தப்பினால் பார்டரில் இருக்கிற அத்தனை மாங்காயிலும் அதே ஊனம் வரும். "பென்சில் வேண்டாம் பாப்பா, கை பட்டா கலைஞ்சிரும்" என்பார். தப்பிவிட்டால் அந்த ஒரு கட்டத்தின் மேல் துளியூண்டு தாளை வெட்டி ஒட்டுவார். சித்திரை வெயிலில் பேனா கக்கும். நாலு கட்டத்துக்கு ஒருமுறை முனையை விரலில் துடைத்துத் துடைத்து, அவர் ஆள்காட்டி விரல் எப்போதும் நீலம்தான்.

மீந்த தாளில் நான் வரையக் கற்றேன். பேனாவைத் தாளில் பட்டும் படாமலும் ஓட்டினால் புகை மாதிரி நீலம் வரும். கோட்டின் மேல் கோடாகக் குறுக்கே இழுத்துக்கொண்டே போனால் கருநீலம். ஒரே பேனாவில் சேர்வராயன் மலையையும், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் மேகத்தையும் போட்டுவிடலாம்.

இந்த ஊர் நாலு வருஷத்தில் பழகிவிட்டது. பாட்டிமார் என்னை "ஹென்" என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் எதற்குக் கோழி என்கிறார்கள் என்று விழித்தேன். நம்ம பக்கம் "கண்ணு" என்கிற மாதிரிதான் அது என்று தெரிந்ததும் உருகிப்போனேன். ஜனவரிக் குளிரில் மை இறுகிப் பேனா எழுதாமல் போனால் ரீஃபிலை உள்ளங்கையில் வைத்துப் பரபரவென்று தேய்க்கிறேன். தேய்க்கும்போது மட்டும் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலுக்குப் போய்விடுகிறேன். ஊருக்குத் தெற்கே கிளெனிஃபர் குன்றுகளில் மேகம் இறங்கினால், ராத்திரி ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏறும் வண்டி வெளிச்சத்தைக் கண் தேடுகிறது.

பேனாவை இங்கே "பைரோ" என்கிறார்கள். அது ஓர் ஆளின் பெயர். புடாபெஸ்டில் பிறந்த லாஸ்லோ பீரோ, 1938இல் இந்தப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கியவர். யூதர் என்பதால் நாட்டை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரை விட்டு வந்த மனுஷனின் பெயர் பேனாவில் ஒட்டிக்கொண்டது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரை விட்டு வந்த மாங்காய் மட்டும் பெயரைத் தொலைத்துவிட்டதே என்பதுதான் ஆறவில்லை.

இங்கே பழைய நெசவாளர் வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கதை கேட்டேன். சால்வையின் வண்ணங்களைச் சேர்த்துப் பிடிக்க, வெளியே தெரியாத ஒரு மெல்லிய ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓடும். "ஸ்மா ஷாட்" என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத நூலுக்குக் கூலி தரமாட்டோம் என்றார்களாம் முதலாளிகள். நெசவாளர்கள் போராடி 1856இல் ஜெயித்தார்கள். இன்றைக்கும் ஜூலை முதல் சனிக்கிழமை அதைக் கொண்டாடுகிறார்கள். சேலையில் துளி அழுக்கு என்று கூலியில் பிடித்துக்கொண்ட சனிக்கிழமைகளில், அப்பா பேசாமல் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு உள்ளே போவார். அந்த வீட்டில் வைத்திருந்த தறியின் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ராத்திரி அப்பாவிடம் போனில் எல்லாம் கொட்டினேன். பெயரை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"அவங்க மாங்கா எந்தப் பக்கம் சாயுது பாப்பா?"

"வலது பக்கம்ப்பா."

"எத்தனை கொக்கி போட்டிருப்பாங்க?"

"தெரியலைப்பா."

"லீவு நாள்ல போய், ஒரு மாங்காயை மட்டும் நல்லாப் பாத்துக் கட்டத்துல போட்டு அனுப்பு. பேனாலயே போடு."

சனிக்கிழமை லீவு. கிராஃப் தாள் வாங்கி வைத்துவிட்டேன். சிவப்பு ரீஃபில்தான் இன்னும் கிடைக்கவில்லை.