கொப்பியில் எழுதிய பதினொரு பெயர்கள்

இலங்கை மலையகத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தேர்தல் வந்துவிட்டது என்பதைச் சுவரொட்டிகளுக்கு முன்பே, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களம் சொல்லிவிடும். தொழிற்சங்கத் தலைவர் சின்னத்தின் பெயரைச் சொல்வார்; அன்று மாலைக்குள் அது லயம் என்ற வரிசை வீடுகள் முழுவதும் பரவி, ஒரு வீட்டில் உள்ள நான்கு வாக்குகளும் எங்கே போகும் என்பது முடிவாகியிருக்கும். சந்தா எந்தச் சங்கத்துக்கோ வாக்கும் அந்தச் சங்கத்துக்கே என்பது நீண்ட காலமாக எங்கள் வீட்டிலும் வழக்கமாக இருந்தது. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. தோட்ட முகாமையாளரான துரைக்கு முன்னால் ஒரு தொழிலாளி தனியாக நின்று பேச முடியாத காலத்தில் அவருக்காகப் பேசியது சங்கம்தான்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் நாங்கள். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் எங்களவர் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்துவிட்டன. என் அம்மாயிக்குக் குடியுரிமை கிடைத்ததே 2003ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகுதான். அறுபது வயதைத் தாண்டி முதல் தடவையாக வாக்களிக்கப் போன அன்று, கோவிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "தலைவர் சொன்ன படத்துக்குத்தான்யா, வேற யாரை எனக்குத் தெரியும்?" என்றார். இந்தக் கேள்வி எனக்கு நெடுநாள் மறக்கவில்லை.

2024 நவம்பர் 14ஆம் திகதிப் பொதுத் தேர்தலுக்கு முன், எங்கள் வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் சேர்ந்து கிடந்த துண்டுப்பிரசுரங்களை அள்ளி வைத்துக்கொண்டு, தங்கையின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். ஆசனங்களைவிட மூன்று கூடுதலாக நிறுத்த வேண்டும்; ஆகவே ஒவ்வொரு கட்சிப் பட்டியலிலும் பதினொரு பெயர்கள். நாம் சின்னத்துக்கு இடும் புள்ளடி (X அடையாளம்) முதலில் கட்சியின் கணக்கில்தான் சேர்கிறது. கட்சிக்கு எத்தனை ஆசனங்கள் என்பது முடிவான பிறகே, வேட்பாளர்களின் நம்பர்களுக்கு நாம் இடும் விருப்பு வாக்குகளை எண்ணி, அந்தப் பட்டியலில் யார் யார் உள்ளே போவது என்று பார்க்கிறார்கள். "நம்ம ஆள்" ஒருவருக்காக நான் இடும் புள்ளடி, நான் முகமே பார்த்திராத வேறொருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிடலாம். அதனால் ஒருவரைப் பற்றி மட்டும் விசாரித்தால் போதாது என்று தோன்றியது. நான் வாக்களிக்க நினைத்த பட்டியலின் பதினொரு பெயர்களையும் எழுதினேன். அதில் நால்வரைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

கொப்பியின் இடது பக்கத்தில் வேட்பாளர் சொன்னதையும், வலது பக்கத்தில் நான் தேடிக் கண்டதையும் எழுதினேன். முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, இந்த வேலை இவர் கேட்கும் பதவிக்குரியதா என்பதுதான். தோட்டப் பாதைக்குக் கொங்கிறீட் போடுவேன் என்று பாராளுமன்றத்துக்குப் போட்டியிடுபவர் சொன்னால், அது பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையோ தோட்ட நிர்வாகமோ செய்ய வேண்டிய வேலை. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் செலவு செய்வதற்கு இருந்த சட்டத்தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு முதல் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான். இவற்றைப் பற்றிப் பேசாமல், பாதையை மட்டும் பேசுபவருக்குத் தாம் கேட்கும் பதவியின் வேலை தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று அவர் நம்புகிறார்.

சம்பள விடயம் இன்னும் சுவையானது. கையில் இருந்த ஆறு துண்டுப்பிரசுரங்களில் மூன்று, ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தைத் தாமே பெற்றுக்கொடுத்ததாகச் சொல்லின. கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் ஆண்டுக்கணக்காக இழுபட்ட அந்தத் தொகை, கம்பனிகள் உடன்படாத நிலையில், சம்பள நிர்ணய சபையின் ஊடாக 2021 மார்ச்சில் அரச வர்த்தமானியில் வெளிவந்தது. அழுத்தம் கொடுத்தவர்கள் பலர் என்பதை ஏற்கிறேன். ஒருவரே கொடுத்தார் என்பதை ஏற்க மாட்டேன். வீடுகளும் அப்படித்தான். இந்திய அரசின் நிதியுதவியில் நாலாயிரம் வீடுகள், பின்னர் 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று வரலாறு தெளிவாக இருக்க, படத்தில் சாவியைக் கொடுப்பவர் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறார்.

ஏற்கெனவே பாராளுமன்றத்தில் இருந்தவர்களை அறிவதற்கு, பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட் போல உதவுவது வேறில்லை. தமிழில் பேசியது அதில் தமிழிலேயே இருக்கும். பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். காணி உரிமை பற்றி மேடையில் முழங்கும் ஒருவர், அந்த விவாதம் நடந்த நாளில் என்ன சொன்னார் என்று தேடிப் பார்த்தேன்; அவர் பெயரே அன்றைய பதிவில் இல்லை. எத்தனை தடவை பேசினார் என்று எண்ணுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எழுபது தடவை எழுந்து வாழ்த்துச் சொன்னவரைவிட, ஒரே தடவை எழுந்து சரியான கேள்வி கேட்டவரே எனக்கு வேண்டும்.

புதியவர்களுக்கு ஹன்சார்ட் இல்லை. அவர்களில் ஒருவர், உள்ளூராட்சி உறுப்பினராக இருந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததாக எழுதியிருந்தார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் வந்தபோது தேர்தலே முடிந்திருந்தது. அதுவும் சிங்களத்தில் வந்ததால், டவுனில் கடை வைத்திருக்கும் நண்பர் வரிக்கு வரி வாசித்துச் சொன்னார். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்டதும், குழாய்கள் வாங்கப்பட்டதும் உண்மை. நீர் எடுக்கும் ஊற்றுக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெறப்படவில்லை. குழாய்கள் இன்றும் தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் புல்லுக்குள் கிடக்கின்றன. தாமதமாக வந்தாலும் அதைக் கொப்பியில் ஒட்டி வைத்தேன். அடுத்த தேர்தலிலும் அவர் வருவார். 2023ஆம் ஆண்டுத் தேர்தல் செலவினச் சட்டத்தின்படி வேட்பாளர்கள் கொடுக்க வேண்டிய கணக்கும், முடிவு வெளியாகி இருபத்தொரு நாட்களுக்குள், வாக்களித்த பிறகே வருகிறது. தேர்தல் இல்லாத காலத்தில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாக்களிப்புக்கு முதல் நாள் இரவு, கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் அம்மா அந்தக் கொப்பியை மெல்லப் புரட்டினார். விருப்பு வாக்கை மூன்று நம்பருக்கும் கட்டாயம் போட வேண்டுமா என்று கேட்டார். மூன்று வரை போடலாம், ஒன்றோடும் நிறுத்தலாம், சின்னத்துக்குப் புள்ளடி இல்லாமல் நம்பருக்கு மட்டும் போட்டால் செல்லாது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, தலைவர் சொன்ன நம்பருக்கு நேரா வலது பக்கத்துல ஒண்ணுமே எழுதலையே, ஏன்?" என்றார்.

தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். மறுநாள் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.