கோரிக்கைப் பட்டியலோடு ஹம்பர்ஸ்டோனைச் சுற்றிப் பார்த்தது

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் பழைய நைட்ரேட் உப்புச் சுரங்க ஊர்களைப் பார்க்கப் போகிறவர்கள், கிளம்பும் முன் 1907 டிசம்பரில் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் கோரிக்கைகளைப் படித்துவிட வேண்டும். நான் அவற்றைத் தமிழில் சுருக்கி எழுதிச் சட்டைப் பையில் எடுத்துப் போனேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிய இடத்தைத் தேடிப்போய்ப் பார்த்தேன். வேறு வழிகாட்டி எனக்குத் தேவைப்படவில்லை.

கடலோர நகரமான இக்கிக்கேயில் தங்கியிருந்தேன். நகரத்துக்குப் பின்னாலேயே மலை செங்குத்தாக எழுகிறது. அதில் ஏறினால் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் வறண்ட சமவெளி. அந்தச் சுரங்க ஊர்களில் ஒன்றான ஹம்பர்ஸ்டோன் இக்கிக்கேயிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சந்தைப் பக்கமிருந்து பொசோ அல்மோந்தே போகும் வண்டியில் ஏறி, நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறக்கிவிடச் சொன்னேன். பக்கத்திலிருக்கும் இன்னொரு சுரங்க ஊரான சாந்தா லௌராவுக்கும் அதே நுழைவுச்சீட்டு செல்லும். இரண்டும் சேர்ந்து 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் வேண்டும், வழியில் நிழலே கிடையாது. விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில்தான். மொழிபெயர்ப்புச் செயலியை இக்கிக்கேயிலேயே தரவிறக்கிக்கொண்டது உதவியது.

பலர் ஹம்பர்ஸ்டோனோடு திரும்பிவிடுகிறார்கள். நான் முதலில் சாந்தா லௌராவுக்குப் போனேன், அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஹம்பர்ஸ்டோனில் நாம் வியந்து பார்க்கும் நாடக அரங்கு, விடுதி, இரும்புத் தகடுகளால் ஆன நீச்சல் குளம் எல்லாம் 1930-களில் புதிய நிறுவனம் ஒன்று ஊரைச் சீரமைத்தபோது வந்தவை. லா பால்மா என்றிருந்த ஊர்ப் பெயர் மாறியதும் அப்போதுதான். அதற்கு முந்தைய தலைமுறை என்ன வேலை செய்தது என்பதற்குச் சாந்தா லௌராவின் ஆலைதான் சாட்சி.

வேலை இப்படி நடந்தது: பாலைநிலத்தில் துளையிட்டு வெடிவைத்து, கலிச்சே என்ற உப்புப் பாறையைப் பெயர்ப்பார்கள். அதை நொறுக்கி, நீராவிக் குழாய்கள் ஓடும் பெரிய இரும்புத் தொட்டிகளில் கொதிக்க வைப்பார்கள். நைட்ரேட் கரைந்த நீரை அகலமான ஆழமற்ற தொட்டிகளில் ஆறவிட்டால் உப்பு படியும். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் அது கப்பலேறி ஐரோப்பா போனது. கொதிதொட்டியின் அடியில் தங்கும் கழிவை வாரியெடுக்க, சூடு ஆறும் முன்பே ஆட்கள் உள்ளே இறங்கினார்கள்.

என் பட்டியலில் இருந்த ஒரு வரி: கொதிதொட்டிகளுக்கு மேல் இரும்புக் கம்பி வலை போட வேண்டும். தவறி விழுந்தவர்கள் வெந்து செத்தார்கள், அதனால்தான் கேட்டார்கள். ஆலையின் அந்தப் பிரம்மாண்டமான மரச் சட்டகத்தை அண்ணாந்து பார்த்தபடி அந்த வரியைத் திரும்பப் படித்தேன். ஒரு கம்பி வலைக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்! கோபம் அடங்க எனக்கு வெகுநேரம் ஆனது.

அப்புறம் ஹம்பர்ஸ்டோன். அங்கே நான் அதிக நேரம் செலவிட்டது புல்பெரியா என்னும் கம்பெனிக் கடையில். நைட்ரேட் ஊர்களில் கூலியைப் பணமாகத் தராமல், பிச்சா என்ற டோக்கன் வில்லைகளாகக் கொடுத்தார்கள். ஒரு கம்பெனியின் வில்லை அதன் கடையில்தான் செல்லும். வெளியே மாற்றப் போனால் மதிப்பில் கழித்துக்கொள்வார்கள். முழு மதிப்புக்கு மாற்றித் தர வேண்டும், வெளி வியாபாரிகளையும் விற்க விட வேண்டும், கடைக்கு வெளியே ஒரு தராசு வைக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். வாங்கிய சாமானைத் தானே நிறுத்துப் பார்க்க ஒரு தராசு! நம் ஊர் ரேஷன் கடையில் எடைக்காகச் சண்டை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலியின் காகிதப் பணமான பெசோ மதிப்பிழந்துகொண்டே போனதால், ஒரு பெசோவை 18 பிரிட்டிஷ் பென்ஸ் என்று நிலையாகக் கணக்கிட்டுக் கூலி தரவும் கேட்டார்கள்.

தொழிலாளர்களுக்கு இலவச இரவுப் பள்ளி என்பதும் பட்டியலில் இருந்தது. ஹம்பர்ஸ்டோனில் மர மேசைகளோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆனால் அது பிந்தைய காலத்துக் குழந்தைகளுடையது.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் நின்று வண்டியைக் கைகாட்டி நிறுத்த வேண்டும். சிறிது காத்திருந்தால் கிடைத்துவிடுகிறது. இக்கிக்கேயில் இறங்கியதும் சாந்தா மரியா பள்ளி இருந்த இடத்துக்குப் போனேன். அன்றைய கட்டடம் இப்போது இல்லை. பாலைவனத்திலிருந்து இறங்கி வந்த தொழிலாளர்கள் குடும்பங்களோடு அந்தப் பள்ளியில்தான் தங்கியிருந்தார்கள். 1907 டிசம்பர் 21 அன்று ஜெனரல் ரொபெர்த்தோ சில்வா ரெனார்தின் உத்தரவில் ராணுவம் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டது. செத்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் என்றது அரசுத் தரப்பு. ஆயிரக்கணக்கில் என்று தொழிலாளர் தரப்பு இன்றுவரை சொல்கிறது. அங்கிருந்த பெரு, பொலிவியா நாட்டுத் தொழிலாளர்களை வெளியேறச் சொல்லி அவர்களுடைய துணைத் தூதர்கள் கேட்டும், சிலிக்காரர்களை விட்டுப் போக அவர்கள் மறுத்துவிட்டார்கள்.