மணித்வீபத்துக்குப் போகும் படகு

என் பாட்டிக்கு மணித்வீபம் போகிற வழி மனப்பாடம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு மதில் மதிலாக உள்ளே போவாள். முதலில் இரும்பு மதில், அப்புறம் வெண்கலம், செம்பு, ஈயம், பித்தளை, பஞ்சலோகம், வெள்ளி, பொன். அதற்குமேல் ரத்தினங்கள்: புஷ்பராகம், பத்மராகம், கோமேதகம், வைரம், வைடூரியம், இந்திரநீலம், முத்து, மரகதம், பவளம். கடைசியில் நவரத்தின மதில். மொத்தம் 18. அதையும் தாண்டினால் சிந்தாமணி வீடு. உள்ளே புவனேஸ்வரி. பிரம்மாவும் விஷ்ணுவும் ருத்ரனும் ஈசுவரனும் அவள் கட்டிலுக்குக் கால்கள், சதாசிவன் பலகை. சுற்றிலும் அமுதக் கடல்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. இவ்வளவு பெரிய அம்மனுக்கு முதல் மதில் போயும் போயும் இரும்பா என்று கேட்டேன். "வாசல்ல நிக்கறதுக்கு இரும்புதாண்டி சரி" என்றாள்.

இந்த வர்ணனையெல்லாம் தேவி பாகவதத்தின் 12-ஆம் ஸ்கந்தத்தில் வருகிறது என்று பின்னால்தான் தெரிந்தது. மதிலுக்கு மதில் நடுவே தோட்டங்கள், ஆறு பருவங்களுக்கும் தனித்தனி இடம், பொன் மதிலுக்கு உள்ளே தேன் சொட்டும் கடம்ப வனம். லலிதா சஹஸ்ரநாமத்தில் 'சுதாசாகர மத்யஸ்தா' என்று சொல்லும்போதெல்லாம், தண்ணீருக்கு நடுவில் பாட்டி கட்டிவைத்த அந்தத் தீவுதான் எனக்குத் தோன்றும்.

அந்தத் தீவுக்குப் போக இந்த உடம்போடு வழியில்லை. நயினாதீவுக்கு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று. நாகபூஷணி அம்மன் கோயில் அங்கேதான். சதியின் காற்சிலம்பு விழுந்த சக்தி பீடம் என்பது நம்பிக்கை. புவனேஸ்வரி பீடம் என்றும் சொல்வார்கள். மணித்வீபத்து நாயகியின் பெயரே ஒரு தீவுக் கோயிலுக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. போன மாசி மாதம் நானும் என் கணவரும் கிளம்பினோம். யாழ்ப்பாணத்திலிருந்து காலைப் பேருந்து. பண்ணைக் கடலைத் தாண்டியதுமே பூமி தட்டையாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத வெளிறிய கடல், நடுவில் ஒற்றைக் கோடாகச் சாலை, தூரத்தில் பனை. வேலணை, அப்புறம் கடலுக்குக் குறுக்கே போட்ட நீளமான தாம்போதி, அப்புறம் புங்குடுதீவு. ஆளில்லாத வீடுகள் நிறையக் கண்ணில் பட்டன. கூரை போய், முற்றத்துச் செடிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் வீடுகள். யாருடையவையோ. பேருந்தில் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, குறிகட்டுவான் துறையில் சாலை முடிந்தது. அங்கிருந்து படகு. மும்மூர்த்திகளை மணித்வீபத்துக்கு அழைத்துப்போக அம்பாள் விமானம் அனுப்பினாள் என்பது கதை. எங்களுக்கு வந்தது டீசல் புகை கக்கும் மர வள்ளம். குனிந்து படியிறங்கி அடித்தட்டில் உட்கார வேண்டும். "அம்மா, உள்ளுக்குப் போய் இருங்கோ, இதைப் போடுங்கோ" என்று ஒரு தம்பி செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியைக் கையில் திணித்தான். எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள மூதாட்டி, மடியில் தாமரைப் பூ. அவர்களுக்கும் இது புனிதத் தீவுதான். பகை மூண்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்த புத்தர் வந்து இறங்கிய நாகதீபம் இதுவே என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் விகாரை இருக்கிறது. மணிமேகலையில் வரும் மணிபல்லவமும் இதுதான் என்று பலர் சொல்வார்கள், இல்லையென்று வாதிடுகிறவர்களும் உண்டு. அந்தக் காப்பியத்திலும் நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்குச் சண்டை போடுகிறார்கள், புத்தர்தான் தீர்த்துவைக்கிறார்.

கோயில் கதையிலும் ஒரு சண்டை. புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் தினமும் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வந்து அம்மனுக்குச் சாத்துமாம். ஒருநாள் கருடன் துரத்த, நாகம் கடலில் இருந்த ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்ப்பாறையில் உட்கார்ந்துவிட்டது. அந்த வழியாகக் கப்பலில் வந்த வணிகன் ஒருவன் இடையில் புகுந்து நாகத்துக்காகக் கெஞ்சினான். கருடன் விலகியது, வணிகன் தன் செல்வத்தை அம்மன் கோயிலுக்குக் கொடுத்தான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று அந்தப் பாறைகளுக்கு இன்றும் பெயர். எந்தச் சமயத்துக் கதையை எடுத்தாலும் இந்தத் தீவில் யாரோ இருவர் மோதுகிறார்கள், மூன்றாவதாக ஒருவர் வந்து விலக்கிவிடுகிறார். ஆனால் போர்த்துக்கீசியர் காலத்தில் இடிபட்டு 1788-இல் மறுபடி எழுந்த இந்தக் கோயில் 1958-இல் தாக்கப்பட்டபோதும், 1986-இல் திரும்பவும் தாக்கப்பட்டபோதும் அப்படி விலக்கிவிட யாரும் வரவில்லை. மறுபடி மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

கால் மணி நேரம்தான் பயணம். ஆனாலும் அலை கொஞ்சம் தூக்கியடித்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபம் என்று பிற்பாடு சொன்னார். எனக்கு நம்பிக்கையில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது தண்ணீரிலிருந்தே முளைத்தது போல ராஜகோபுரம் தெரிந்தது. வண்ணம் எல்லாம் புதுசு. இரும்பு மதில் எங்கே என்று என்னையறியாமல் தேடினேன். ஒன்றுமில்லை. படகு முட்டிய இடத்திலிருந்து நேராகக் கோயில் வாசல்.

கணவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே தவில் அதிர்ந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துத் தவிலைப் பக்கத்தில் நின்று கேட்டால் அது காதில் விழுவதில்லை, நெஞ்செலும்பில் விழுகிறது. கருவறையில் ஐந்து தலை நாகம் படம் விரித்த அம்மன். ஊரில் பெரிய கோயில்களில் 'நகருங்க நகருங்க' என்று தள்ளிவிடுவதற்கே பழகிப்போனதால், இங்கே யாரும் தள்ளாதபோது எவ்வளவு நேரம் நிற்பது என்றே தெரியவில்லை. கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். குழந்தை வீறிட்டது. ஐயர் சிரித்துக்கொண்டே அதன் நெற்றியில் திருநீறு பூசினார். கௌதமர் சாபம் தீர இந்திரன் வழிபட்ட இடம் என்கிறது தலபுராணம். இந்திரனும் இப்படி ஒரு மூலையில்தான் நின்றிருப்பான்.

மணித்வீபத்தில் பிரம்ம விஷ்ணு ருத்ரர்கள் அம்பாளின் கால் நகத்தில் பிரபஞ்சம் முழுவதையும் பார்த்தார்கள் என்று பாட்டி சொல்வாள். நானும் கால் நகத்தைப் பார்க்க முயன்றேன். பூவும் பட்டும் மறைத்திருந்தன. சரி, பார்த்தவரை போதும் என்று பிரகாரம் சுற்றினோம்.

உச்சிப் பூசை முடிந்ததும் கூட்டம் ஒரே திசையில் நகர்ந்தது. அன்னதான மண்டபம். பெயர் அமுதசுரபி. மணிமேகலைக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்தது மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில்தானே, அந்தப் பெயரைச் சோறு போடும் கூடத்துக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று மணிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று தயங்கி நின்றோம். வாசலில் இருந்த ஒரு ஆச்சி விடவில்லை.

"பிள்ளை இந்தியாவோ?"

"ஆமாம் பாட்டி."

"அம்மாளாச்சியின்ர வீட்டுக்கு வந்திட்டுச் சாப்பிடாமப் போறதோ? போய் இருங்கோ. படகு உங்களை விட்டிட்டுப் போகாது."

உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, சாம்பார். எனக்கு எதிரே படகில் வந்த அந்த வெள்ளைச் சேலை மூதாட்டி. விகாரைக்குப் போய்விட்டு இங்கேயும் வந்திருக்கிறார், நெற்றியில் குங்குமம். பரிமாறிய பையன் அவரிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டான், அவர் கையை விரித்துக் காட்டினார், இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. பாட்டியின் மணித்வீபத்தில் 18 மதில், ஒவ்வொன்றுக்கும் காவல், உள்ளே ஆயிரங்கால் மண்டபம் மட்டுமே நான்கு. அந்த நான்கில் சாப்பாட்டுக்கென்று ஒன்று உண்டா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் வைத்திருப்பாள். "இன்னும் போடட்டோ?" என்றான் பையன். போதும் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் போட்டுவிட்டான்.

மூன்று மணிப் படகு ஆச்சி சொன்னபடியே காத்திருந்தது. மூதாட்டி மறுபடி எனக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். மடியில் தாமரை இல்லை, அம்மன் கோயில் பிரசாதப் பொட்டலம் இருந்தது. பாதிக் கடலில் அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது. நல்ல தூக்கம். குறிகட்டுவான் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.